மெலிந்த பொறி

மலைநாட்டு ரயிலில் பதுளைக்குப் பயணம் செய்த அன்பர்களுக்குப் பட்டிப்பொல நிலையம் நினைவிருக்கும். இலங்கைப் புகையிரத நிலையங்கள் யாவற்றிலும் உயரமான இடத்தில் அமைந்தது அது. கடல் மட்டத்திலிருந்து 6,200 அடிக்கும் சற்று மேல். வண்டி நின்றதும் சிலர் இறங்கிப் பெயர்ப்பலகையருகே படம் எடுத்துக்கொள்வர். குளிர் உறைத்ததும் ஓடிவந்து ஏறிக்கொள்வர். அங்கேயே குடியிருந்து, விடியுமுன் எழுந்து, பனியில் நனைந்த லீக்ஸையும் கரட்டையும் மூட்டை கட்டி நுவரெலியாவுக்குக் கொண்டு செல்பவர்களுக்கு அந்த உயரமும் குளிரும் வேடிக்கைப் பொருள்கள் அல்ல.

முன்னொரு காலத்தில் நம்மிடம் படித்தவர் ஒருவர் அங்கே சிறு காணியில் மரக்கறி பயிரிட்டு வருகிறார். அவரிடம் ஒரு மொரிஸ் மைனர் பிக்கப் உண்டு. தகப்பனார் வாங்கியது, 1,098 கன சென்ரிமீற்றர் எஞ்சின் பூட்டியது. 1948இல் வெளிவந்த மொரிஸ் மைனருக்குப் பிக்கப் வடிவம் 1953இல் வந்தது. அந்தக் காரை வரைந்தவர் அலெக் இசிகோனிஸ். பின்னாளில் மினியை வரைந்தவரும் அவரே. பிரித்தானியக் கார்களுள் முதன்முதலாகப் பத்து லட்சம் விற்ற பெருமை மைனருக்கு உரியது. நம் நாட்டில் அந்த இனம் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதை வாசகர்கள் வீதியில் நின்றாலே காணலாம்.

நவராத்திரி முடிந்த வாரம் நாம் அங்கே சென்றிருந்தோம். வண்டியின் முகப்பில் ஆயுத பூசையின் சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன. நண்பரின் முகமும் வாடியிருந்தது.

"இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள ஒரு முடிவு சொல்லணும் சேர். நுவரெலியாவில இருந்து ஒருத்தரு வந்து வண்டியப் பாத்துட்டுப் போனாரு. இப்ப இருக்கிற நெலையிலேயே எடுத்துக்கிறாராம். அவரு சொல்ற வெல பழைய இரும்பு வெலதான்."

"உமக்கு விற்க மனமா, தம்பி?"

"மனசு எங்க சேர் இருக்கு? வித்துட்டா வேற வண்டிக்கு நான் எங்க போவேன்?"

அவர் சொன்னது மெய். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025இல் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தபோது, அது பெரும் வரிச்சுமையோடுதான் திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய வண்டிகளின் விலையும் எங்கோ போய்விட்டது. இந்தப் பிக்கப் கைவிட்டுப் போனால் அவர் தினமும் வாடகை லொறியை நம்ப வேண்டும். லொறிக்காரருக்குக் கொடுத்தது போக மரக்கறியில் மிஞ்சுவது சொற்பம்.

வண்டியின் நோய் யாதெனக் கேட்டோம். பனி மூடிய காலைகளில் எளிதில் உயிர்பெறுவதில்லை. பெற்றபின், வெறுமனே நிற்கும்போது ஒழுங்காகவே ஓடும். மூட்டை ஏற்றி மேட்டில் மிதித்தால் கக்கும், குலுங்கும், சைலன்சரில் வெடிக்கும். ஒரு கராஜில் காட்டியபோது, "பொறி போதவில்லை" என்று கூறிப் புதிய கொயில் ஒன்றைப் பூட்டியிருக்கிறார்கள். பற்றரியும் புதிதாயிற்று. அதன்பின் மேடு ஏறுவது முன்னிலும் மோசம். அயலவர்கள் கூடி ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள்: "இந்த ஒசரத்துக்குக் காத்து பத்தாது. அதான் பொறி வர மாட்டேங்குது."

இந்தக் காற்றுக் குற்றச்சாட்டை முதலில் விசாரித்துவிடுவோம். பட்டிப்பொலவின் உயரத்தில் காற்றழுத்தம் கடலோரத்தில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு. பிளக்கின் இரு முனைகளுக்கும் இடையிலுள்ள வாயு எவ்வளவு நெருக்கமாக அழுத்தப்பட்டிருக்கிறதோ, அதைத் துளைத்துப் பாயப் பொறிக்கு அவ்வளவு வோல்ட் வேண்டும். ஆகவே, காற்று மெலிந்த இடத்தில் பொறிக்கு வேலை சற்று இலேசே. மலை பொறிக்குப் பகையன்று. அது கெடுப்பது கலவையை. கடலோரத்துக்கு அளவாகத் திருகிய கார்புரேட்டர் இங்கே காற்றுக்கு மிஞ்சிய பெற்றோலைக் கொடுக்கும். மிஞ்சியது கரியாகிப் பிளக்கில் படியும். கரி மின்சாரத்தைக் கடத்தும் பொருள். பொறியாகப் பாயவேண்டிய மின்சாரம் அந்தக் கரி வழியே சத்தமின்றி ஒழுகிவிடும். அயலவர்கள் சொன்னதில் இந்த அளவுக்கு மட்டும் நியாயம் உண்டு.

இனிப் பொறி எவ்வாறு பிறக்கிறது என்று பார்ப்போம். பற்றரியில் இருப்பது 12 வோல்ட். பிளக்கில் வேண்டுவது பல்லாயிரம் வோல்ட். ஒன்றை மற்றொன்றாக மாற்றுவது கொயில். 1831இல் மைக்கேல் பரடே கண்டறிந்த தூண்டல் விதியே அதன் உயிர். கொயிலினுள் தடித்த கம்பி சில நூறு சுற்றும், அதனுடன் மயிர்போன்ற கம்பி பல்லாயிரம் சுற்றும் இருக்கும். டிஸ்ரிபியூட்டருக்குள் உள்ள பொயின்ட் மூடியிருக்கும்போது தடித்த கம்பியில் மின்சாரம் ஓடிக் காந்தப்புலத்தை வளர்க்கிறது. பொயின்ட் திறந்ததும் அந்தப் புலம் சரிந்து விழுகிறது. அந்த வீழ்ச்சியிலேதான் மெல்லிய கம்பியில் பேரழுத்தம் பிறக்கிறது. புலம் எவ்வளவு திடீரென்று விழுகிறதோ அவ்வளவுக்குப் பொறி வலியது. பொயின்ட் திறக்கும் வாயில் மின்சாரம் தானே தீப்பொறியாய் இழுபட்டு நின்றால் வீழ்ச்சி மந்தமாகும். அதைத் தடுப்பதற்கே கொண்டென்சர் என்னும் சிறு உருளை. பற்றரியையும் கொயிலையும் பொயின்ட்டையும் இணைத்து இந்த ஏற்பாட்டை நடைமுறைக்குக் கொணர்ந்தவர் அமெரிக்கரான சார்ள்ஸ் கெற்றரிங். 1912ஆம் ஆண்டின் கடிலக் காரில் அது மின் ஸ்டார்ட்டருடன் இணைந்திருந்தது. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 முறை சுழன்றால் செக்கனுக்கு 100 பொறி வேண்டும். அத்தனையும் ஒரே கொயிலில் பிறந்தாக வேண்டும்.

நண்பர் ஒரு பிளக்கைக் கழற்றி, வயரில் மாட்டி, எஞ்சின் மேல் கிடத்தி ஸ்டார்ட்டரைச் சுழற்றிக் காட்டினார். பொறி வந்தது. "பாருங்க சேர், பொறி வருது. ஆனா ஓட மாட்டேங்குது" என்றார்.

பலர் ஏமாறும் இடம் இது. திறந்த வெளியில் பிளக்கின் சிறு இடைவெளியைத் தாண்ட இரண்டு மூவாயிரம் வோல்ட் போதும். சிலிண்டருக்குள், அழுத்தி நெரித்த கலவையின் நடுவே அதே இடைவெளியைத் தாண்ட அதைப்போல் மும்மடங்கு நான்மடங்கு வேண்டும். மேட்டில் மிதிக்கும்போது சிலிண்டருக்குள் நிரம்பும் கலவை அதிகம், அழுத்தமும் அதிகம். வெறுமனே நிற்கும்போது ஒழுங்காக ஓடிய வண்டி மேட்டில் கக்குவதன் காரணம் இதுதான். எனவே, பிளக்கில் பொறி தெரிகிறதா என்பது கேள்வியன்று. கொயிலிலிருந்து வரும் தடித்த வயரை டிஸ்ரிபியூட்டர் மூடியிலிருந்து கழற்றி, அதன் நுனியை எஞ்சின் இரும்பிலிருந்து கால் அங்குலம் தள்ளிப் பிடித்துச் சுழற்ற வேண்டும். நீல நிறத்தில், 'சட் சட்' என்ற ஒலியோடு தாவினால் கொயில்வரை நலம். குறை அதற்கப்பால் மூடி, ரோட்டர், வயர்கள், பிளக்குகளில். மஞ்சளாய், நூலாய், தயங்கித் தயங்கி வந்தால் குறை கொயிலிலோ அதற்கு முன்னரோ. ஒரே சோதனையில் நோய் இருக்கும் பாதி எது என்று தெரிந்துவிடும்.

வயரைக் கையால் பிடிக்கலாகாது. உலர்ந்த ரப்பர்ப் பிடியுள்ள குறட்டால் பிடிக்கவேண்டும். பெற்றோல் ஒழுக்கு அருகில் இருக்கக்கூடாது. கியர் நடுநிலையிலும் கைப்பிரேக் இழுத்தும் இருக்கவேண்டும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் தள்ளி நிற்பதே நலம். வயரை வெகுதூரம் விலக்கி வைத்துச் சுழற்றினால் பாய வழியற்ற மின்சாரம் கொயிலின் உட்காப்பைத் துளைத்துவிடும். மேலும், இது பொயின்ட் உள்ள பழைய வண்டிகளுக்கே உரிய சோதனை. எலெக்ரோனிக் முறை வந்த பிற்கால வண்டிகளில் இதைச் செய்தால் விலையுயர்ந்த பகுதி பழுதாகலாம். டீசல் வண்டிக்காரர் இந்தப் பக்கத்தையே புரட்டிவிடலாம். அங்கே பொறி என்பதே கிடையாது.

நமது சோதனையில் வந்தது மஞ்சள் நூல்.

இங்கே நாம் ஒரு தவறு செய்தோம். பொயின்ட் முனை கருகி, ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடுமாய் இருந்தது. உடனே புத்தகத்து அறிவு துள்ளியெழுந்தது. "கொண்டென்சர்தான்!" என்று தீர்ப்புக் கூறிவிட்டோம். நண்பர் அரைமணி நேரம் அலைந்து வேறொரு பழைய காரிலிருந்து கொண்டென்சர் ஒன்றை இரவல் வாங்கிவந்தார். மாற்றினோம். பொறி அப்படியே மஞ்சளாக இருந்தது. அளந்து பாராமல் ஊகித்ததில் நமக்கும் அந்தக் கராஜுக்கும் என்ன வேறுபாடு?

பிறகுதான் பையிலிருந்த மல்டிமீற்றரை எடுத்தோம். கல்லூரி ஆய்வுகூடத்தில் பழகிய கை, வழக்கம்போல் கறுப்பு முனையை எஞ்சின் இரும்பிலும் சிவப்பு முனையைப் பற்றரியின் மறு துருவத்திலும் வைத்தது. 12.6 காட்டிற்று, பற்றரி நிறைந்த நலத்தோடு இருக்கிறது. ஆனால் அந்த எண்ணுக்கு முன்னால் ஒரு சிறு கோடு. மைனஸ்.

அப்போதுதான் குனிந்து பார்த்தோம். உடலோடு பூட்டியிருந்தது பற்றரியின் பிளஸ் துருவம். இக்கால வண்டிகள் எல்லாவற்றிலும் மைனஸ் துருவமே உடலைச் சேரும். மொரிஸ் மைனரோ பிறந்த நாள்முதல் கடைசிவரை பிளஸை உடலுக்குக் கொடுத்த வண்டி. அந்தக் காலத்துப் பிரித்தானிய வண்டிகள் பலவற்றுக்கும் அதுவே வழக்கம். இதை நாம் அறியாதவர் அல்லர். ஆயினும் மீற்றர் சொல்லும்வரை நினைவு வரவில்லை.

புதிய கொயிலைப் பார்த்தோம். அதன் தலையில் அப்பியிருந்த சந்தனத்தை நண்பர் மன்னிப்புக் கேட்பவர்போல் நகத்தால் சுரண்டினார். பிளஸ், மைனஸ் குறிகள் வெளிப்பட்டன. சாவியிலிருந்து வரும் வயர் பிளஸிலும், டிஸ்ரிபியூட்டருக்குச் செல்லும் வயர் மைனஸிலும் பூட்டப்பட்டிருந்தன. இக்கால வண்டிக்கு அது சரி. இந்த வண்டிக்கு நேர் தலைகீழ்.

தலைகீழானால் என்ன? பொறி வராமலா போய்விடும்? வரும். அதனால்தான் எவரும் கண்டுகொள்வதில்லை. சூடேறிய உலோகத்திலிருந்து எலெக்ட்ரோன் எளிதில் புறப்படும். பிளக்கின் நடுமுனை, வெளிமுனையைவிட மிகச் சூடானது. ஆகவே நடுமுனை மைனஸாக அமைந்து, அங்கிருந்து எலெக்ட்ரோன் கிளம்புவதே இலேசான வழி. கொயிலின் வயர்கள் மாறினால் பொறி எதிர்த்திசையில், ஆறிய முனையிலிருந்து புறப்பட வேண்டியதாகிறது. அதற்குக் கணிசமாக அதிக வோல்ட் தேவை. வெறுமனே நிற்கும்போது அந்த மிகைச் செலவைக் கொயில் எப்படியோ கொடுத்துவிடும், மேட்டில் முடியாது. புதுக் கொயில் வந்தபின் வண்டி மேலும் மோசமானதன் மர்மம் இதுதான்.

இதை உறுதிசெய்யப் பழைய மெக்கானிக்குகள் பென்சில் ஒன்றைப் பயன்படுத்துவதுண்டு. தாவும் பொறியின் நடுவே பென்சிலின் கரி நுனியைக் குறட்டால் பிடித்து நீட்டினால் ஒரு பக்கத்தில் செம்மஞ்சளாய்ச் சுவாலை விரியும். எஞ்சின் இரும்பின் பக்கம் விரிந்தால் திசை சரி. வயரின் பக்கம் விரிந்தால் தலைகீழ். நண்பரின் மகளுடைய பள்ளிக்கூடப் பென்சில் உதவிற்று. சுவாலை வயரின் பக்கமே விரிந்தது. இரண்டு வயர்களையும் இடம் மாற்றினோம், மீண்டும் நீட்டினோம். சுவாலை பக்கம் மாறியது. செலவு ஒரு சதமும் இல்லை.

பழைய கொயில்களில் பிளஸ், மைனஸ் இராது, ஆங்கிலத்தில் 'எஸ்.டபிள்யூ.', 'சி.பி.' என்ற எழுத்துகள் இருக்கும். முன்னது சாவிக்கு, பின்னது டிஸ்ரிபியூட்டருக்கு. பிளஸ் உடலைச் சேர்ந்த வண்டியில் புதுக் கொயில் பூட்டும்போது மைனஸ் சாவிக்கு, பிளஸ் டிஸ்ரிபியூட்டருக்கு. ஆனால் உங்கள் மைனரில் யாரேனும் பின்னாளில் ஆல்ட்டர்னேட்டர் பூட்டி மைனஸ் முறைக்கு மாற்றியிருக்கலாம். ஆகவே வண்டியின் வயதைப் பார்த்து முடிவு செய்யாமல், பற்றரியின் எந்தத் துருவம் உடலைச் சேர்கிறது என்று கண்ணால் பார்த்து முடிவு செய்க. கொயிலின் தடையையும் அளந்துகொள்வது நன்று. இவ்வகை வண்டிக்கு ஏறத்தாழ 3 ஓம் வேண்டும். அதில் பாதியளவே உள்ள கொயில்களும் கடையில் கிடைக்கின்றன. அவை தனித் தடையொன்றைத் துணையாகக் கொண்டு ஓடுபவை. அத்துணையின்றிப் பூட்டினால் பொயின்ட் கருகும், கொயிலும் கொதிக்கும். நண்பருடைய கொயில் 3 ஓமுக்குச் சற்று மேல் காட்டியது. அந்த மட்டில் கராஜ்காரர் சரியாகவே வாங்கியிருந்தார்.

மேட்டு நோய்க்கு மருந்து கிடைத்துவிட்டது. காலை நோய் வேறு. வோல்ட் எங்கே தொலைகிறது என்று தேடினோம். பற்றரியின் உடல்பக்கத் துருவத்தில் ஒரு முனையும், எஞ்சின் இரும்பில் மறுமுனையும் வைத்து ஸ்டார்ட்டரைச் சுழற்றினோம். இரண்டும் ஒரே இடத்தைச் சேர்ந்தவையாதலால் அரை வோல்ட்டுக்கு மேல் வரலாகாது. ஒரு வோல்ட்டைத் தாண்டியது! எஞ்சினையும் உடலையும் இணைக்கும் பின்னல் பட்டையின் அடியில் பச்சைக் களிம்பும் துருவும். எஞ்சின் ரப்பரின் மேல் அமர்ந்திருப்பதால் ஸ்டார்ட்டர் இழுக்கும் மின்சாரம் முழுவதும் அந்தப் பட்டை வழியே போயாக வேண்டும். குளிர்ந்து இறுகிய எண்ணெயோடு ஸ்டார்ட்டர் போராடும் காலையில், பொறிக்கென எஞ்சியது எவ்வளவு இருந்திருக்கும்? இருபுறமும் உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினோம். பொயின்ட்டை மாற்றி, பீலர் கேஜால் அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு வைத்தோம். பிளக்குகளின் கரியைத் துடைத்து, தேய்ந்து அகன்றிருந்த இடைவெளியை ஆயிரத்தில் 25க்குக் குறுக்கினோம். கார்புரேட்டரில் பெற்றோலையும் சற்றே குறைத்தோம்.

இப்போது கொயில் வயரிலிருந்து பாய்ந்த பொறி நீலம். சத்தம் அடுக்களைவரை கேட்டது. நண்பரின் துணைவியார் எட்டிப் பார்த்து, "சேர், தேத்தண்ணி ஆறிப்போச்சி" என்றார். அது இரண்டாவது கோப்பை.

இருட்டியபின் இன்னொன்று செய்து பார்த்தோம். எஞ்சினை ஓடவிட்டு, எல்லா விளக்குகளையும் அணைத்து, பொனற்றைத் திறந்து தள்ளி நின்று பார்த்தோம். பனியின் ஈரம் எல்லாவற்றின் மேலும் படிந்திருந்தது. டிஸ்ரிபியூட்டர் மூடியில் இரண்டு வயர்த் துளைகளுக்கு நடுவே மெல்லிய நீலக் கீற்று ஒன்று விட்டுவிட்டு மின்னிற்று. பகல் வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தும் தென்படாத மயிர்வெடிப்பு. பென்சிலால் கீறியதுபோன்ற கரிப்பாதை அதில் உருவாகத் தொடங்கியிருந்தது. ஒருமுறை பாதை விழுந்தால் மின்சாரம் அதை விடாது. சுரண்டியும் பயனில்லை, மூடியை மாற்றவேண்டியதுதான்.

அதற்குள் நுவரெலியாக்காரரின் தொலைபேசி வந்தது. நண்பர் வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தார். என்ன சொன்னார் என்று நாம் கேட்கவில்லை. அவரே, "இப்ப குடுக்கிறதா இல்லன்னு சொல்லிட்டேன் சேர்" என்றார்.

மறுநாள் விடியற்காலை நாமும் முன் ஆசனத்தில் ஏறிக்கொண்டோம். பின்னால் கரட் மூட்டைகள். அம்பேவலப் புல்வெளிகள் பனியில் மறைந்திருந்தன. ஏற்றம் வந்த இடங்களில் நண்பர் நம்மைப் பாராமல் எஞ்சினின் ஒலியையே கேட்டுக்கொண்டிருந்தார். நுவரெலியா வரையில் ஒரு கக்கலும் இல்லை.

மூடிக்கு நுவரெலியாக் கடையொன்றில் சொல்லி வைத்திருக்கிறார். கொழும்பிலிருந்து வரவேண்டும். அதுவரை, புறப்படுமுன் மூடியையும் வயர்களையும் உலர்ந்த துணியால் துடைத்தாக வேண்டும். முருகன் படத்துக்குக் கீழே, முன் தட்டில், அதற்கென ஒரு பழைய பனியன் துண்டு மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.